கெட்ட கல்லீரல் மீண்டும் வளருமா?

திருவள்ளூர் பஜாரானாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துக் கடைகளானாலும், வசூலுக்குப் போகுமிடமெல்லாம் சரக்கு விலைக்கு அடுத்தபடி நம் காதில் விழுவது 'ஈரலில் கொழுப்பு' என்ற பேச்சுதான். விடியலில் கடை திறந்து, இரவு ஷிப்ட் ஆட்கள் வந்து போகும்வரை கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தொப்பையும் சர்க்கரையும் வருவதில் வியப்பில்லை. குடியே அறியாதவருக்கும் அதனால் ஈரல் கெடுகிறது.

கெட்ட ஈரல் தழும்பேறி இறுகிப்போவதையே டாக்டர்கள் சிரோசிஸ் என்கிறார்கள். அந்த நிலையில், 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் புது ஈரல் வளரும்' என்று யாராவது சொன்னால், கடையை அடமானம் வைத்தாவது போட்டுவிடலாம் என்றுதான் குடும்பத்தாருக்குத் தோன்றும்.

ஈரல் வளரும் என்பது உண்மையே. 1998 நவம்பரில் காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்கு டில்லி அப்பல்லோவில் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். பிறவியிலேயே பித்தக் குழாய்க் கோளாறு. வயது இருபது மாதம். நம் நாட்டில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று அதுவே. இப்படிக் கொடுப்பவரின் மிச்ச ஈரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும். வைத்த துண்டும் பிள்ளையோடு சேர்ந்து வளரும். அந்தப் பிள்ளை பிறகு டாக்டராகவே ஆகிவிட்டார். ஆனால் அங்கே வளர்ந்தது நல்ல ஈரல். தழும்பேறிய ஈரலில் நார் அடைத்துக்கொள்வதால் புதுச் செல் தலையெடுப்பது கடினம்.

இங்கிலாந்தில் சிரோசிஸ் நோயாளிகள் 81 பேரை வைத்து நடத்திய ஸ்டெம் செல் சோதனையின் முடிவு 2018-இல் வந்தது. ஈரல் தேறவில்லை. எடின்பரோவில் நோயாளியின் ரத்தத்திலிருந்தே தழும்பைக் கரைக்கும் அணுக்களை வளர்த்து, அவருக்கே திருப்பி ஏற்றிப் பார்த்தார்கள். ஆபத்தில்லை என்று 2019-இல் எழுதினார்கள். நம்பிக்கை தரும் வழிதான், ஆனாலும் ஆராய்ச்சி அளவிலேயே நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 விதிமுறைப்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல் என்பது ஆராய்ச்சி மட்டுமே. அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் பில் நீட்டினாலே நாம் எழுந்து வந்துவிடலாம்.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கீழாநெல்லியைப் பற்றியும் கேட்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், அது மஞ்சள் காமாலை பி கிருமியை அடக்குவதாக 1988-இல் லான்செட் இதழில் எழுதியது நமக்குப் பெருமைதான். பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. தழும்புக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

தழும்பு தானாகவே குறைவதும் உண்டு, மூல காரணத்தை நிறுத்தினால். பி, சி கிருமிகளுக்கு 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். சி கிருமி பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் போய்விடும். கொழுப்பு ஈரல்காரர்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் பலருக்குத் தழும்பு இறங்குகிறது. எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை ஃபைப்ரோ ஸ்கேனில் ஊசி குத்தாமலே பார்த்துவிடலாம்.

மாற்று ஈரலே வேண்டியவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. அதற்கு வருமான வரம்பு இருப்பதால், தகுதியுள்ள சிறு கடைக்காரர்கள் அட்டை எடுத்துவிட்டார்களா என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்டுக் குறித்துக்கொள்வோம்.