பச்சோந்தி சாப்பிடவில்லையா?

நாய் கவ்விப் போட்டது, ஸ்கூட்டர் சக்கரத்தில் வால் நசுங்கியது, காக்கை கொத்தி மரத்திலிருந்து விழுந்தது. இப்படி ஏதோ ஒரு விதத்தில் அடிபட்ட பச்சோந்தியை, இரக்கப்பட்ட யாரோ ஒருவர் அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். மறுநாளே கவலை தொடங்குகிறது. வெட்டுக்கிளி பிடித்துப் போட்டாயிற்று, வாழைப்பழம் நறுக்கி வைத்தாயிற்று, ஃபில்லரில் பால்கூட விட்டுப் பார்த்தாயிற்று. அது வாயைத் திறப்பதாக இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வாயைப் பிளந்து ஊட்டத் தொடங்குவார்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பச்சோந்தியின் தாடை எலும்பு மெல்லியது, பிளந்தால் முறியும். நாக்கின் அடியில்தான் மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. ஊற்றும் பால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். அப்படியே வயிற்றுக்குப் போனாலும் பாலைச் செரிக்க அதனால் முடியாது.

சாப்பிடாமல் இருப்பது நோய் அல்ல, வேறு எதுவோ சரியில்லை என்பதற்கான அடையாளம். பச்சோந்தியின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. வெயிலில் காய்ந்து உடல் சூடேறினால்தான் வயிறு வேலை செய்யும். ஏசி அறையில், சிமென்ட் தரையில் வைத்த பெட்டிக்குள் கிடக்கும் பிராணிக்குப் பசி எடுக்க வாய்ப்பே இல்லை. சூடில்லாத உடம்பில் இரையைத் திணித்தால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகும். ஆகவே முதலில் சூடு, அடுத்து தண்ணீர், கூடவே தனிமை. இரை கடைசியில்தான்.

தண்ணீர் விஷயத்தில் பெரும்பாலானோர் ஏமாந்துபோகிறார்கள். கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. காட்டில் அது குடிப்பது இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும்தான். கொய்யாக் கிளையோ செம்பருத்திக் கிளையோ ஒடித்து வைத்து, இலைகள் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளியுங்கள். மருந்தடித்த செடியாக இருக்கக் கூடாது. தெளித்துவிட்டு விலகி நில்லுங்கள். சற்று நேரத்தில் அது இலை நுனியை நோக்கித் தலையைச் சாய்க்கும், தாடை மெல்ல அசையும். மிகவும் சோர்ந்திருந்தால் ஊசியில்லாத சிரிஞ்சால் உதட்டோரத்தில் ஒரு துளி வைக்கலாம். அது தானாக நக்கி விழுங்கிய பிறகே அடுத்த துளி.

உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்பதைக் கண்களே காட்டிவிடும். கோபுரம் போலப் புடைத்து, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகச் சுழல வேண்டிய கண்கள் உள்வாங்கிக் கிடந்தால் நிலைமை மோசம். எச்சத்தையும் பாருங்கள். அதில் ஒரு பகுதி வெள்ளையாக இருக்கும். அது ஆரஞ்சு நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் போதவில்லை. பகலில் கண்ணை மூடியபடி கிளையில் தொங்கினால் அது தூங்குகிறது என்று நினைக்காதீர்கள். நலமான பச்சோந்தி பகலில் கண்ணை மூடிக் கிடக்காது. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய கட்டம் அது.

இருப்பிடத்துக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நாலாபுறமும் காற்றுப் போகிற வலைக்கூடையோ கொசுவலை கட்டிய பெட்டியோ போதும், உள்ளே ஒரு கிளை. கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைப்பது கொலைக்குச் சமம், சில நிமிடங்களில் உள்ளே சூளையாகிவிடும். காலை இளவெயில் நேரடியாகப் படட்டும், ஒதுங்க நிழலும் இருக்கட்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலால் சூடு கிடைக்குமே தவிர, எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிர் பெரும்பாலும் கிடைக்காது. மழைநாளென்றால் நாற்பது வாட் குண்டு பல்பைக் கூடைக்கு வெளியே ஓரடி தள்ளித் தொங்கவிடலாம். கிளையில் அது உட்காரும் இடத்தில் முப்பது டிகிரி அளவுக்குச் சூடு இருந்தால் போதும். மறு ஓரம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், இரவில் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

கூடையை ஒரு துணியால் பாதி மூடி, குழந்தைகளும் பூனையும் வராத இடத்தில் வையுங்கள். நாம் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு உயிர்ப்பயம். உடல் கறுத்து, தொண்டையை உப்பி, சீறினால் பயத்தில் இருக்கிறது என்று பொருள். செல்ஃபி எடுக்கக் கையில் ஏற்றி வைத்துக்கொண்டிருந்தால் அது எப்படிச் சாப்பிடும்? எடுத்தே தீர வேண்டுமென்றால் கிளையிலிருந்து பிய்க்காதீர்கள். முன்காலில் உள்ளே மூன்றும் வெளியே இரண்டுமாகப் பிரிந்த விரல்கள் கிளையைக் கிடுக்கிபோல் கவ்வியிருக்கும், இழுத்தால் நகம் பெயரும். அதன் நெஞ்சுக்கு முன்னால் கையை நீட்டினால் தானாக ஏறி வரும். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பல்லி வாலைப் போல அது அறுந்து மீண்டும் வளராது.

காயத்துக்கு வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரால் கழுவலாம். போவிடோன் அயோடினை வெளிர் தேநீரின் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றலாம், கண்ணிலும் வாயிலும் படக் கூடாது. மஞ்சள் பற்று, மண்ணெண்ணெய், பாராசிட்டமால் எதுவும் வேண்டாம். ஒடிந்த காலுக்குத் தீக்குச்சி வைத்துக் கட்டுவதும் வேண்டாம். பூனையோ நாயோ கடித்திருந்தால் புண் கடுகளவே தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும். ஆன்டிபயாடிக் தேவை, அதன் அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கண்ணில் அடி, நாக்கில் அடி, வாய்க்குள் புண் இருந்தாலும் இரையை எடுக்காது. கண்ணால் குறிவைத்து நாக்கை வீசி வேட்டையாடும் உயிர் அது. வயிறு புடைத்த பெண்ணாக இருந்தால் முட்டை தங்கியிருக்கவும் கூடும். முட்டையிடத் தரைக்கு இறங்கி வரும்போதுதான் பல பெண் பச்சோந்திகள் சாலையில் அடிபடுகின்றன.

சூடும் நீரும் சேர்ந்து அது கண்ணைச் சுழற்றத் தொடங்கிய பிறகு, உயிருள்ள சின்ன வெட்டுக்கிளி ஒன்றை ஒளி ஊடுருவும் கப்பில் இட்டுக் கிளையருகே வைத்துப் பாருங்கள். அதன் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய இரை வேண்டாம். அசையாத இரையை அது பார்க்காது, வாழைப்பழம் வீண். எடுக்காவிட்டால் கப்பை அகற்றிவிடுங்கள். வளர்ந்த பச்சோந்தி சில நாள் பட்டினி தாங்கும். தண்ணீர் இல்லாமல்தான் தாங்காது.

இனி, பலரும் கேட்க விரும்பாத பகுதி. நம் ஊர்ப் பச்சோந்தியை வளர்ப்புப் பிராணியாக வைத்திருக்க முடியாது. இந்தியாவில் இயற்கையாக வாழும் ஒரே பச்சோந்தி இனம் இது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பிடிப்பதும் அந்தச் சட்டத்தின்படி வேட்டைதான். விற்பதும் அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றம். 2022-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கென்றால் குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை.

அடிபட்டதைத் தூக்கி வந்தவர் இதைப் படித்துவிட்டுப் பதறி அதை வேலியோரம் வீசிவிட வேண்டாம். வழி அதே சட்டத்தில் இருக்கிறது. 39-ஆவது பிரிவின்படி, அரசின் உடைமையான வனவிலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்க வேண்டும். நடைமுறையில் வனச்சரகர் அலுவலகத்துக்கோ மாவட்ட வன அலுவலருக்கோ போன் செய்வதே எளிது. கிடைத்த இடம், நேரம், காயம் தெரியும் படம் ஆகியவற்றை வாட்ஸப்பில் அனுப்பி வையுங்கள். பிறகு யாராவது கேட்டால் அதுதான் உங்கள் ஆதாரம். ஒப்படைக்கும்போது ஒரு வரி ஒப்புதல் எழுதி வாங்குவதில் தவறில்லை. “ஒரு ஓணானுக்காகவா போன் பண்ணீங்க?” என்று எதிர்முனையில் யாராவது சிரித்தால், அட்டவணையில் உள்ள விலங்கு என்பதைச் சொல்லிவிட்டு மேலதிகாரிக்கு எழுதுங்கள். ஓணானுக்கு மூக்குப்பொடி போட்டு ஆடவிட்டு ரசித்த தலைமுறை இன்னும் வேலையில் இருக்கிறது, வேறென்ன சொல்ல.

சென்னையில் இருப்பவர்கள் சிகிச்சைக்கு வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியை விசாரிக்கலாம். மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனையில் முதலுதவி கேளுங்கள், வனத்துறைக்குத் தகவல் சொன்னதையும் சேர்த்தே சொல்லுங்கள். பச்சோந்திக்கு விஷம் இல்லை, கடித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சமையல் மேடையில் கூடையை வைக்காதீர்கள்.

ஏமன் நாட்டு வகை, மடகாஸ்கர் வகை என்று காசு கொடுத்து வாங்கியவர்களின் கணக்கு வேறு. அவை பன்னாட்டு வர்த்தகக் கட்டுப்பாடான சைட்டிஸ் பட்டியலில் உள்ளவை. அதே வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வந்த 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, கைக்கு வந்த முப்பது நாளுக்குள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவர் “பேப்பர் எல்லாம் அப்புறம் தர்றேன்” என்றால் வாங்காதீர்கள். காகிதம் இல்லாத பிராணிக்கு உடம்பு சரியில்லாமல் போகும்போது மருத்துவரிடம் காட்டவே பயந்து, வீட்டிலேயே வைத்திருந்து சாகவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.