குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே ஒரு கோடு: தோட்டத் தொழிலாளரின் சாதிச் சான்றிதழ் அரசியல்

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை சில கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் 1950-இல் அவை இரு வேறு மாநிலங்களில் இருந்தன. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாநிலத்தில், செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன.

அழிந்துபோன அந்த எல்லைக்கோடு சட்டத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது. வண்ணார் சமூகம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டுமே பட்டியல் சாதி, தென்காசியில் அல்ல.

அரசமைப்புச் சட்டத்தின் 341-ஆவது பிரிவு பட்டியல் சாதிகளை மாநிலவாரியாகவே வரையறுக்கிறது. முதல் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. அந்நாளில் குடும்பம் நிலையாகக் குடியிருந்த மாநிலமே பின்வந்த தலைமுறைகளுக்கும் அளவுகோல். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர், இடம்பெயர்ந்த மாநிலத்தில் அத்தகுதியைக் கோர முடியாது என்று 1990-இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் பீர் சிங் வழக்கிலும் அதையே உறுதிசெய்தது.

இதன் விளைவு என்ன? 1951-இல் செங்கோட்டையிலிருந்து மூணாறுக்குச் சென்ற தலித் தொழிலாளி மாநில எல்லையைக் கடக்கவில்லை. அதே ஆண்டில் தென்காசியிலிருந்து சென்றவர் கடந்தார். சாதி ஒன்று, தீண்டாமை ஒன்று, கொழுந்து பறிக்கும் மலையும் ஒன்று. உரிமை மட்டும் வேறு.

1950-க்கு முந்தைய குடியிருப்பை நிறுவுவதும் எளிதன்று. லயத்து வீடு நிறுவனத்தின் சொத்து. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தந்த வீட்டுரிமையும் வேலை இருக்கும்வரைதான். பட்டா இல்லாத குடும்பத்துக்கு முதலாளியின் பழைய பதிவேடே சான்று.

தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கு 2021-இல் வென்ற அ. ராஜாவின் தேர்தலை 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அவருடைய மதத்தோடு, அவர் முன்னோர் எப்போது குடியேறினர் என்பதும் அவ்வழக்கில் கேள்வியானது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால், கல்லூரியில் இடம் கேட்கும் மாணவியின் நிலை என்ன?

தொழிற்சங்கங்கள் இதை ஏன் முதன்மைக் கோரிக்கையாக்கவில்லை? 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண்கள் தங்கள் சங்கத் தலைவர்களையே விலக்கிவிட்டு 20 விழுக்காடு போனசுக்காக வீதியில் அமர்ந்து வென்றனர். பெரும்பாலும் தமிழ்த் தலித் பெண்களான அவர்கள் தொடங்கிய ‘பெண்கள் ஒற்றுமை’ உள்ளாட்சித் தேர்தலிலும் நின்றது. அடுத்து ரூ. 232 ஆக இருந்த நாட்கூலி ரூ. 301 ஆனது. ஆனால் கூலி பேசும் மேசையில் சாதிச் சான்றிதழ் இடம்பெறுவதில்லை. சாதியைத் தொழிலாளர் பிரச்சினையாகக் கருதாத சங்கம், உறுப்பினரின் பாதி வாழ்க்கையைக் கணக்கில் எடுப்பதில்லை.

பட்டியலைத் திருத்தும் அதிகாரம் 341(2)-இன்படி நாடாளுமன்றத்துக்கே உண்டு. அதுவரை, பூர்வீக மாநிலத்தில் தந்தை பெற்ற சான்றிதழைக் காட்டி, குடியேறிய மாநிலத்தில் ‘இடம்பெயர்ந்தோர்’ சான்றிதழ் பெறலாம். அது மத்திய அரசின் சலுகைகளுக்கு உதவும். ஆகவே தென்காசியில் உறவுகள் உள்ளோர் தாத்தாவின் பள்ளிப் பதிவு, பழைய வருவாய் ஆவணங்களை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். இரு மாநில அரசுகளும் தோட்ட நிறுவனங்களின் பழைய பதிவேடுகளைப் பொது ஆவணமாக்கக் கோருவோம்.