கைமுடை நாளில் அவசர முடிவு வேண்டாம்

அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாளில் செய்த காரியத்தைப் பின்னால் நினைத்து வருந்தாத விவசாயி அரிது. கூடுதல் வட்டிக்கு நகையை வைப்பதும், கறவை மாட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளுவதும் அத்தகையவை. இதை அறியாமை என்று பலர் சொல்வர். அது சரியன்று என்பதை நம் மாநிலத்தில் நடந்த ஆய்வொன்று காட்டுகிறது.

ஆய்வு நடந்த விதம்

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன்னும் பின்னும் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய ஆய்வாளர்கள் சோதித்தனர். முடிவு 2013ல் வெளியாயிற்று. அறுவடைக்கு முன் 100க்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னர் 4 பேரே.

சோதனை எளியது. ‘5 5 5’ என்று காட்டினால், எத்தனை எண்கள் உள்ளன என்று பார்த்து ‘3’ என உடனே சொல்ல வேண்டும். விடுபட்ட படத்தைக் கண்டுபிடிக்கும் புதிரும் உண்டு. பணமுடைக் காலத்தில் அதே விவசாயிகள் தாமதமாகவும் தவறாகவும் விடை கூறினர். பணம் வந்தபின் தேறினர். வெட்டு உத்தரவு ஆளுக்கு ஆள் வெவ்வேறு மாதத்தில் வருவதால், பருவமே காரணம் என்று கூற இயலாது.

காரணம் என்ன?

கடன், வட்டி, பள்ளிக் கட்டணம் என்ற கவலைகள் மனத்தை அடைத்துக் கொள்கின்றன. மற்றதை யோசிக்க இடமில்லை. அறிவு குறைவதில்லை, கவனமே பங்கிடப்படுகிறது என்பது ஆய்வாளர் கருத்து.

செய்ய வேண்டியவை

1. கரும்புப் பணம் வந்த வாரத்திலேயே அடுத்த போகத்துக்கு விதை, உரம், பயிர்க் காப்பீடு ஆகியவற்றை முடிவு செய்து நோட்டில் எழுதி வைக்கவும்.

2. வட்டிக்கும் பள்ளிச் செலவுக்கும் அப்போதே பணம் ஒதுக்கவும்.

3. முடை மாதத்தில் நிலம், மாடு விற்கவோ கடன் பத்திரம் எழுதவோ நேர்ந்தால், அன்றே கையெழுத்திட வேண்டாம். வீட்டாரோடு கலந்து, ஓரிரவு கழித்து முடிவு செய்யவும்.

4. ஆண்டுக்கொரு முறை வரும் பணத்தை மட்டும் நம்பாமல், பால், கீரை, காய்கறி மூலம் அவ்வப்போது வரும் வருவாய்க்கு வழி செய்யவும். கறவை மாடு வளர்ப்பு பற்றி, மாதவரம் பால்பண்ணையில் தலைமையிடம் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் விவரம் கேட்கலாம்.

பயிருக்குப் பருவம் பார்க்கும் உழவர்கள், முடிவெடுக்கவும் பருவம் பார்த்துப் பயனடைவார்களாக.