சர்ச் பள்ளியில் நம்ம பிள்ளை: உள்ளே என்னதான் நடக்கிறது?

இந்த எபிசோடை ஒரு தங்கை அனுப்பிய குரல் செய்தியோடு ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்துக்கு வந்து மூணு வருஷம் ஆகுது அவங்களுக்கு. மகன் வர்ற செப்டம்பரில் ரிசெப்ஷன் வகுப்பில் சேரணும். ஏப்ரல் 16-ஆம் தேதி கவுன்சிலில் இருந்து மின்னஞ்சல் வந்திருக்கு.

"அக்கா, நாங்க முதலில் போட்ட பள்ளி கிடைக்கலை. தெருமுனையில் இருக்கிற சர்ச் ஆஃப் இங்கிலாந்து பள்ளியைக் கொடுத்திருக்காங்க. நாங்க வெள்ளிக்கிழமை தவறாம விளக்கேத்துற குடும்பம். ஊர்ல மாமியார் ஃபோன்ல அழுறாங்க. பையனை மாத்திடுவாங்களா அக்கா?"

சுருக்கமான பதில்: மாத்த மாட்டாங்க. ஆனால் அந்த ஒரு வரி பதில் உங்க மாமியாரைச் சமாதானப்படுத்தாது, என்னையும் அன்னைக்குச் சமாதானப்படுத்தியிருக்காது. ஏன்னா, இதே கேள்வியோடு நானும் நின்னிருக்கேன். என் மகள் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான் ஏழு வருஷம் படிச்சு, போன ஜூலையில் ஆறாம் வகுப்பை முடிச்சாள். அதனால் நிதானமாகவே பேசுவோம்.

முதலில், இது என்ன மாதிரிப் பள்ளி?

நம்ம ஊரில் 'கான்வென்ட்' என்றாலே கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளி என்று ஒரு படம் மனசில் வரும். அதை அழிச்சிடுங்க. இங்கே சர்ச் ஆஃப் இங்கிலாந்து தொடக்கப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை அரசுப் பணத்தில் நடப்பவை. கட்டணம் கிடையாது. மற்ற அரசுப் பள்ளிகளைப் போலவே ஆஃப்ஸ்டெட் ஆய்வு உண்டு, ஆறாம் வகுப்பில் அதே தேர்வுகள் உண்டு. இங்கிலாந்து முழுக்க இந்தத் திருச்சபையின் பள்ளிகள் 4,600-க்கும் மேல். அரசு தொடக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இவங்களுடையது. சுமார் 10 லட்சம் பிள்ளைகள் படிக்கிறாங்க. சில கிராமங்களில் இருக்கிற ஒரே பள்ளி இதுதான். அதனால் 'கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் படிக்கிற இடம்' என்பது உண்மையில்லை.

இவ்வளவு பள்ளிகள் எப்படி வந்தன? இந்தக் கதையில் நம்ம சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு நான் நிஜமாகவே ஆச்சரியப்பட்டேன்.

எழும்பூரில் ஆரம்பித்த கதை

ஆண்ட்ரூ பெல் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1787-இல் சென்னைக்கு வந்தார், பாதிரியாராக வேலை பார்த்தார். 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அனாதை இல்லத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் அங்குள்ள பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் படிச்ச இடம் அது. நல்ல ஆசிரியர்கள் கிடைக்கலை. இருந்தவங்களும் புது முறை எதையும் ஏத்துக்கலை.

அப்போ ஒரு நாள் அவர் நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்க்கிறார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதிப் பழகுறாங்க. பேப்பர் இல்லை, செலவு இல்லை. அதைத் தன் பள்ளிக்குக் கொண்டு வந்தார். ஆசிரியர்கள் மறுத்தபோது, படிப்பில் தேறிய ஒரு சிறுவனையே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம்ம ஊர் சட்டாம்பிள்ளை ஞாபகம் வருதா? அதேதான்.

1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே இங்கே அதற்குப் பெயர். 1811-இல் திருச்சபையைச் சேர்ந்தவங்க 'நேஷனல் சொசைட்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, ஏழைப் பிள்ளைகளுக்கு ஊர் ஊராகப் பள்ளி கட்டினப்போ, அங்கே பாடம் நடத்த எடுத்துக்கிட்டது இந்த முறையைத்தான். அரசாங்கம் பள்ளிக் கட்டடங்களுக்கு முதன்முதலாகப் பணம் கொடுத்ததே 1833-இல்தான், அதுவும் 20,000 பவுண்டு. எல்லாருக்கும் பள்ளி என்ற சட்டம் வந்தது 1870-இல். அதுக்குள்ளே சர்ச் பள்ளிகள் நாடு முழுக்க வேர் பிடிச்சாச்சு. பழைய கட்டடங்களின் வாசலில் இன்னைக்கும் 'நேஷனல் ஸ்கூல்' என்று கல்லில் செதுக்கி, கீழே வருஷம் போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

அதனால் தங்கை, உங்க மாமியார்கிட்ட இதையும் சொல்லுங்க. நம்ம ஊர் மணலும் விரலும் இந்தப் பள்ளிகளின் அஸ்திவாரத்தில் கிடக்கு.

இரண்டு வகை, ஒரு வெட்கம்

1944 சட்டம் இந்தப் பள்ளிகளை அரசு அமைப்புக்குள் கொண்டு வந்து முக்கியமாக இரண்டு வகையாகப் பிரித்தது. 'வாலண்டரி கன்ட்ரோல்டு' என்றால் சேர்க்கையைப் பொதுவாகக் கவுன்சில் பார்த்துக்கும், சமயக் கல்விக்கும் அந்தப் பகுதிக்கான பொதுப் பாடத்திட்டம்தான். 'வாலண்டரி எய்டட்' என்றால் நிர்வாகக் குழுவில் திருச்சபை நியமிப்பவங்கதான் பெரும்பான்மை. சேர்க்கை விதிகளையும் பள்ளியே வகுக்கும். இப்போ அகாடமிகளாக மாறியவையும் நிறைய இருக்கு.

இது ஏன் முக்கியம்? கூட்டம் மோதும் சில எய்டட் பள்ளிகள், சர்ச்சுக்குத் தவறாமல் வரும் குடும்பங்களுக்கு முன்னுரிமை தருவாங்க. அதற்குப் பாதிரியார் கையெழுத்து வேணும். எங்களுக்குப் பக்கத்திலும் அப்படி ஒண்ணு இருந்தது, ரொம்பப் பேர் எடுத்த பள்ளி. "ரெண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்க, சீட் உறுதி" என்று தெரிஞ்சவர் ஒருவர் சொன்னார்.

மறைக்காம சொல்றேன், நாங்க போனோம். நாலு ஞாயிறு. முதல் வாரம் ஒரு வயசான அம்மா எங்களுக்கு டீ ஊத்திக் கொடுத்து, பேர் கேட்டாங்க. அடுத்த வாரம் அந்தப் பேரைத் தப்பில்லாமல் சொல்லிக் கூப்பிட்டாங்க. நாலாவது வாரம் என் மகளுக்குக் கையுறை பின்னிக் கொண்டு வந்திருந்தாங்க. வீட்டுக்கு வர்ற வழியில் நானும் என் கணவரும் ஒரு வார்த்தை பேசலை. நம்பி வராத ஒரு இடத்தில், நம்புறவங்க அன்பை வாங்கிக்கிட்டு, ஒரு கையெழுத்துக்காக உட்கார்ந்திருக்கோம். பொய் சொல்லி வாங்கின சீட்டில் உட்கார வச்சுட்டு, பிள்ளைக்கு உண்மை பேசணும்னு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது? அந்த அம்மாவைப் பார்த்து நன்றி சொல்லிட்டு நிறுத்திட்டோம்.

ஜனவரி 15 கெடு நாளுக்குள் வேற பள்ளிகளைப் போட்டோம். கடைசியில் கிடைச்சதும் ஒரு சர்ச் பள்ளிதான். ஆனா கன்ட்ரோல்டு வகை. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவே கிடைச்சது. பொதுப் பணத்தில் நடக்கிற பள்ளி பிரார்த்தனையைப் பார்த்துச் சீட் கொடுக்கலாமா என்று இந்த நாட்டில் நீண்ட காலமா விவாதம் நடக்குது. அந்த நாலு ஞாயிறுக்கு அப்புறம், கேக்கிறவங்க பக்கம் நியாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

மற்ற பள்ளி மாதிரியேதான். கணக்கு, வாசிப்பு, விளையாட்டு. வித்தியாசம் தினமும் கால் மணி, இருபது நிமிஷம் நடக்கும் கூட்டு வழிபாடு. ஹாலில் ஒரு மெழுகுவர்த்தி ஏத்துவாங்க. ஒரு கதை, ஒரு பாட்டு, கொஞ்ச நேரம் அமைதி, ஒரு சின்ன ஜெபம். விருப்பம் இருந்தால் 'ஆமென்' சொல்லலாம், இல்லாட்டி சும்மா உட்காரலாம். கட்டாயப்படுத்தாமல், அழைப்பு மாதிரி இருக்கணும் என்பதுதான் திருச்சபையே கொடுத்திருக்கிற வழிகாட்டுதல்.

அப்புறம் பருவத்துக்கு ஒரு விழா. இலையுதிர் காலத்தில் அறுவடைப் பண்டிகை. பிள்ளைகள் கொண்டு போகும் டின் உணவுகள் பெரும்பாலும் உணவு வங்கிக்குப் போகும். டிசம்பரில் இயேசு பிறப்பு நாடகம். 'கிறிஸ்டிங்கிள்' என்று ஒண்ணு உண்டு: ஆரஞ்சுப் பழம் உலகம், அதில் குத்தின மெழுகுவர்த்தி ஒளி, சுற்றி ஒரு சிவப்பு ரிப்பன், நாலு குச்சியில் இனிப்பு. என் மகள் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து வீடியோ காலில் காட்டினப்போ, எங்க அம்மா கேட்டாங்க, "ஏண்டி, சாப்பிடுற பழத்துலயா மெழுகுவர்த்தி குத்துவாங்க?"

சமயக் கல்வி வகுப்பு இதிலிருந்து தனி. அதில் இந்து சமயம், இஸ்லாம், யூத சமயம் எல்லாம் வரும். தீபாவளி வாரத்தில் அகல் விளக்கு பற்றிச் சொல்லச் சொன்னாங்க. எம் பொண்ணு அன்னைக்கு வகுப்புக்கே டீச்சர்.

முக்கியமான உரிமை ஒண்ணு: வழிபாட்டிலிருந்தும் சமயக் கல்வியிலிருந்தும் உங்க பிள்ளையை விலக்கிக்கொள்ள உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கு. காரணம் சொல்லத் தேவையில்லை. முதல் வருஷம் நாங்களும் யோசிச்சோம். ஒரு நாள் ராத்திரி தட்டு முன்னாடி கையைக் கூப்பி, ஆங்கிலத்தில் நன்றி சொல்லிட்டுச் சாப்பிட ஆரம்பிச்சாள். என் கணவர் முகம் மாறிடுச்சு. அம்மாகிட்ட புலம்பினேன். "நன்றி சொல்லிட்டுச் சாப்பிடுறதுல என்னடி தப்பு? யாருக்குச் சொல்றாள்ங்கிறதை வளர்ந்ததும் அவளே முடிவு பண்ணிக்கட்டும்" என்றாங்க. நாங்க விலக்கலை. ஆனால் விலக்கின குடும்பங்களும் அந்த வகுப்பில் இருந்தாங்க, அந்தப் பிள்ளைகள் அந்த நேரம் நூலகத்தில் படிப்பாங்க. அது ஒரு நேர்மையான முடிவு. யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை.

சுவரில் இருக்கும் வார்த்தைகள்

இந்தப் பள்ளிகளில் 'வேல்யூஸ்' என்று ஒரு சொல் எங்கே திரும்பினாலும் காதில் விழும். நட்பு, மன்னிப்பு, விடாமுயற்சி, மரியாதை என்று பருவத்துக்கு ஒன்றாக எடுப்பாங்க. 2016-இல் திருச்சபை வெளியிட்ட கல்விப் பார்வையில் நாலு தூண்கள்: ஞானம், நம்பிக்கை, சமூகம், மனித மாண்பு. இது நடைமுறையில் இருக்கா என்று பார்க்கவே 'சியாம்ஸ்' என்று தனியாக ஒரு ஆய்வு நடக்கும்.

உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு வருஷம் எனக்கு அது சுவரில் ஒட்டின பேப்பர் மட்டும்தான். மூணாம் வகுப்பில் ஒரு நாள் டீச்சர் ஃபோன் பண்ணினாங்க. யாரோ என் பிள்ளையை ஏதோ சொல்லிட்டாங்க என்று நினைச்சு, சண்டைக்குத் தயாராகப் போனேன். விஷயம் தலைகீழ். புதுசா வந்த, ஆங்கிலம் தெரியாத ஒரு பையன் பேசுறதை மாதிரியே பேசிக்காட்டி, மத்தவங்களைச் சிரிக்க வச்சது என் மகள்.

இந்த நாட்டுக்கு வந்த புதுசில் என் ஆங்கிலத்தைக் கேட்டு ஒருத்தர் சிரிச்ச கடையை நான் இன்னமும் தாண்டித்தான் போவேன், உள்ளே போறதில்லை. அங்கேயே அவளைத் திட்டி, "இப்பவே மன்னிப்புக் கேளு" என்றேன். டீச்சர் தடுத்தாங்க. "அம்மா சொல்றதுக்காகக் கேட்டால் அது அவனுக்குப் போய்ச் சேராது" என்றாங்க. அவளிடம் மூணே கேள்வி: என்ன நடந்தது? யாருக்கு வலிச்சது? சரி பண்ண என்ன செய்யலாம்? அந்தப் பையனிடம் தனியாக, அவன் மொழி தெரிஞ்ச ஒருவரை வைத்துப் பேசினாங்க. அவனுக்கு மன்னிக்கணும் என்று எந்தக் கட்டாயமும் வைக்கலை. எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிஞ்சது. 'மன்னிப்பு' என்று சுவரில் எழுதியிருக்கிற இடத்தில், அடிபட்ட பிள்ளையைப் பார்த்து "மன்னிச்சிடு" என்று சொல்லி விஷயத்தை முடிப்பது ரொம்பச் சுலபம். அது தப்பு.

மூணு நாள் கழிச்சு அவளாகவே அவன் மொழியில் 'சாரி' எப்படிச் சொல்வது என்று கேட்டுப் பழகிக்கிட்டுப் போனாள். அவன் உடனே நண்பனாகிடலை. பக்கத்தில் உட்கார விட்டான், அவ்வளவுதான். அதுவே போதும் என்று டீச்சர் சொன்னாங்க.

சரி தங்கை, உங்களுக்கு

பள்ளியை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்க. கன்ட்ரோல்டா, எய்டடா? வழிபாட்டில் என்ன நடக்கும்? விலகும் பிள்ளைகள் அந்த நேரம் எங்கே இருப்பாங்க? சமயக் கல்வியில் எந்தப் பாடத்திட்டம்? இந்த நாலையும் கேளுங்க. சியாம்ஸ் அறிக்கையைப் படிங்க. கடைசியா, "ரெண்டு பிள்ளைகளுக்குள்ள சண்டை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்க. அந்தப் பதிலில் பள்ளி தெரிஞ்சிடும்.

வீட்டு விளக்கை நிறுத்தாதீங்க. பள்ளியில் மெழுகுவர்த்தி, வீட்டில் குத்துவிளக்கு என்று இரண்டுக்கும் நடுவில் வளர்ற பிள்ளைக்குக் கேள்வி வரும். "அம்மா, எது நிஜம்?" என்று என் மகள் கேட்டிருக்காள். நாங்க என்ன நம்புறோம் என்று சொன்னேன். உன் டீச்சர் நம்புறதை டீச்சர்கிட்ட கேளு என்றும் சொன்னேன். பதினொரு வயசில் அவள் இன்னமும் கேட்டுக்கிட்டுதான் இருக்காள். வெள்ளிக்கிழமை விளக்குக்கு எண்ணெய் ஊத்துறதும் அவள்தான்.

மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.