உங்களுக்குத் தெரியுமா? வலிக்காமல் வரும் சிவப்பு: சிறுநீரகப் புற்றுநோய்

தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் வாரச்சந்தையில் ஆடு பிடிக்க வந்தவர்களிடம், “ஒண்ணுக்கு சிவப்பாப் போச்சுங்க” என்று ஒருவர் சொன்னால், “உடம்புச் சூடு, இளநீர் குடிங்க” என்பார் ஒருவர். “கல்லா இருக்கும், வாழைத்தண்டுச் சாறு குடிங்க” என்பார் இன்னொருவர். அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் இதற்கு மூன்றாவது காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த வாரத் துணுக்குகள்.

★ நம் சிறுநீரகம் ஒவ்வொன்றும் கைமுட்டி அளவுதான். ஆனால் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றிரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேற, மீதி உடம்புக்கே திரும்புகிறது. இந்த வேலையைச் செய்யும் நுண்குழாய்களின் உட்சுவரில்தான் பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்று பெரும்பாலும் தொடங்குகிறது.

★ கல்லடைப்பு ஆளைச் சுருட்டிப் போடும். புற்று பெரும்பாலும் வலிக்காது. ஒரு நாள் சிறுநீரில் இரத்தம் வரும், மறுநாள் நின்றுவிடும், மாதக்கணக்கில் தலைகாட்டாது. இரத்தம் நின்றதை வைத்து நோய் நின்றதாக எண்ணிவிடக் கூடாது. வலியோடு வந்தால் ஓடுகிறோம். வலியில்லாமல் வரும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்.

★ சிவப்பெல்லாம் இரத்தம் அல்ல. பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டாலும் சிறுநீர் நிறம் மாறும். எது இரத்தம், எது வெறும் நிறம் என்பதைச் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையே சொல்லிவிடும்.

★ சிறுநீரில் இரத்தம், விலாப்பக்கம் வலி, வயிற்றில் கட்டி என்று மூன்று அடையாளங்களைப் பழைய மருத்துவ நூல்கள் சொல்லும். இன்று மூன்றும் ஒன்றாகத் தெரிவது நூறு நோயாளிகளில் பத்துப் பேருக்கும் குறைவு. அப்படித் தெரிந்தால் நோய் முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் படும் கட்டிகள்தான் இப்போது அதிகம்.

★ இந்த நோய்க்கு மாறுவேடங்கள் உண்டு. காரணம் தெரியாத காய்ச்சல், இரத்தசோகை, எடைக் குறைவு என்று வரும். ஆண்களுக்கு இடப்பக்க விதைப்பையில் திடீரென இரத்தக்குழாய்கள் சுருண்டு புடைப்பதும் ஓர் அறிகுறி. இட விதையின் இரத்தக்குழாய் இடச் சிறுநீரகத்தின் குழாயில் போய்ச் சேர்வதுதான் அதற்குக் காரணம்.

★ பீடி, சிகரெட் புகை நுரையீரலோடு நிற்பதில்லை. அதன் நஞ்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. புகை, உடல் பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் சிறுநீரகப் புற்றின் முக்கியக் காரணிகள். பெண்களைவிட ஆண்களுக்கு இந்நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது.

★ இரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது பக்கத்து மாவட்டத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். அந்த மாத்திரையைத் தவறாமல் போடுவது இதயத்துக்கு மட்டுமல்ல, சிறுநீரகத்துக்கும் காவல்.

★ ‘தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதே, அதனால் வருமா?’ என்பது தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி. ஃபுளோரைடு பல்லில் கறை ஏற்றும், எலும்பை வளைக்கும். அதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் சிறுநீரகப் புற்றுக்கு உறுதிசெய்யப்பட்ட காரணங்களில் ஃபுளோரைடு இல்லை.

★ பயப்பட வேண்டிய பொருள் கொல்லையிலேயே முளைக்கிறது. ஆடும் வாய்வைக்காத கசப்பால் பெயர் பெற்றது ஆடுதீண்டாப்பாளை. அதிலும் அதன் இனமான ஈசுரமூலியிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. இந்த அமிலமுள்ள தாவரங்களை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, சிறுநீர்ப் பாதையிலும் புற்றை உண்டாக்கும். யார் சொன்னாலும் இவற்றை உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

★ குழந்தைகளுக்கும் சிறுநீரகப் புற்று வரும். 1899-இல் அதை விரிவாக எழுதிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸ் பெயரால் ‘வில்ம்ஸ் கட்டி’ என்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும். குளிப்பாட்டும் தாயின் கைக்குத்தான் முதலில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அழுத்திப் பார்க்காதீர்கள், தேய்த்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். உரிய சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் வரை பிழைத்துக்கொள்கிறார்கள்.

★ ‘கத்தி பட்டால் புற்று பரவும்’ என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்துகிறவர்கள் உண்டு. உண்மை நேர்மாறு: சிறுநீரகத்தைத் தாண்டாத புற்றுக்கு அறுவை சிகிச்சைதான் முதன்மையான மருந்து. கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் அதை மட்டும் எடுத்துவிட்டு, நல்ல பகுதியைக் காப்பாற்றுகிறார்கள்.

★ ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மனிதர் வாழ முடியுமா? ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் 1869-இல் குஸ்தாவ் சைமன் என்ற மருத்துவர், நாய்களில் சோதித்துப் பார்த்த பிறகு, ஒரு பெண்ணுக்கு ஒரு சிறுநீரகத்தை அகற்றினார். அவர் பிழைத்து வாழ்ந்தார். ஒன்று போனால் மற்றது சற்றுப் பெருத்து இருவர் வேலையைச் சுமக்கும்.

★ மற்ற புற்றுகளுக்குத் தரும் வழக்கமான கீமோதெரபி பெரியவர்களின் சிறுநீரகப் புற்றில் பெரிதாக எடுபடுவதில்லை. பரவிய நோய்க்கு, கட்டியின் இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரைகளும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஊசிகளும்தான் இன்று கைகொடுக்கின்றன.

★ அந்த மாத்திரைகளில் ஒன்றுக்கு இந்தியாவில் பெரிய வரலாறு உண்டு. பேயர் நிறுவனத்தின் சோராஃபெனிப், முற்றிய சிறுநீரக, கல்லீரல் புற்றுக்கான மருந்து. 2012-இல் அதன் விலை ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாய். காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனம் தயாரிக்க அரசு தரும் அனுமதிக்குக் ‘கட்டாய உரிமம்’ என்று பெயர். 2012 மார்ச்சில் நாட்டின் முதல் கட்டாய உரிமம் இந்த மருந்துக்காகத்தான் வழங்கப்பட்டது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதை 9,000 ரூபாய்க்கும் குறைவாகத் தர வழி பிறந்தது. பேயர் மேல்முறையீடு செய்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையில், 2013 மார்ச்சில் அந்த உரிமம் செல்லும் என்றது. மருந்து ஏழைக்கும் எட்ட வேண்டும் என்பதைச் சட்டத்தால் நிலைநாட்டிய தீர்ப்பு அது.

★ காசுக்கு எங்கே போவது என்று கலங்க வேண்டாம். தருமபுரியிலும் சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் பிறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சென்னையில் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை துணைநிற்கிறது. அட்டையை இன்றே எடுத்துச் சரிபார்த்து வையுங்கள்.

★ சிகிச்சை முடிந்து ஆண்டுகள் பல கடந்த பிறகும் இந்நோய் சிலருக்குத் திரும்பி வருவதுண்டு. எனவே மருத்துவர் சொல்லும் நாளில் ஸ்கேனுக்குப் போவதும் சிகிச்சையின் பகுதியே.

வாழைத்தண்டுச் சாறு குடிப்பதில் தவறில்லை. குடித்துவிட்டு, சரியாகிவிட்டது என்று உட்கார்ந்துவிடுவதுதான் தவறு. சிறுநீரில் ஒரே ஒருமுறை இரத்தம் வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் ஒரு வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்று இரவே கேளுங்கள். கூச்சத்தால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.