பூனைக்கு வரும் இழுப்பு

சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் வட்டாரத்துத் தோட்டங்களில் பூனை வளர்க்கும் வீடுகள் பல. எலி பிடிக்கட்டுமென்று கொண்டுவந்த பிராணி, நாளடைவில் பிள்ளைகளோடு பிள்ளையாகிவிடுகிறது. அந்தப் பூனைக்கும் நம்மைப் போலவே இழுப்பு, அதாவது ஆஸ்துமா, வருவதுண்டு. இதைப் பலர் அறிவதில்லை. அதனால் சிலர் நோயை முற்றவிடுகிறார்கள். வேறு சிலர், குழந்தைக்குத் தொற்றிவிடுமென்று பயந்து, பூனையைச் சாக்கில் போட்டுத் தொலைவில் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்துமா தொற்றுநோயன்று. பூனையின் இழுப்பு பிள்ளைக்கு ஒட்டாது.

இந்நோய் எப்படி உண்டாகிறது? மூச்சுக் காற்று நுரையீரலுக்குள் சிறுசிறு குழாய்களின் வழியே சென்று வருகிறது. சில பூனைகளுக்குப் புகையும் தூசும் ஒத்துக்கொள்வதில்லை. அவை பட்டவுடன் குழாய்களின் உட்புறம் வீங்கி, சளி சுரக்கிறது. சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. குழாய் குறுகிப்போவதால், உள்ளே இழுத்த காற்றை வெளியே விடுவதுதான் பெரும்பாடாகிறது.

பூனை இருமினால், 'முடியை விழுங்கியிருக்கும், கக்கிவிடும்' என்று பொதுவாகச் சொல்லுவோம். இங்கேதான் கவனம் தேவை. வயிறு குலுங்கி, முடி உருண்டை வெளியே வந்தால் அது வாந்தி. தரையோடு குந்தி, கழுத்தை முன்னே நீட்டி, திரும்பத் திரும்ப இருமியும் ஒன்றும் வராவிட்டால் அது மூச்சுக் கோளாறாக இருக்கலாம்.

இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பூனை அயர்ந்து தூங்கும்போது அதன் விலாவைப் பாருங்கள். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. ஒரு நிமிடத்துக்கு எண்ணுங்கள். 30க்குள் இருந்தால் நல்லது. அடிக்கடி 30ஐத் தாண்டினால் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். ஓய்வாக இருக்கும்போதே 40ஐத் தாண்டினாலும், வாயைத் திறந்து மூச்சுவிட்டாலும், நாக்கும் ஈறும் நீலம் பூத்தாலும் காலதாமதம் கூடாது. காற்றோட்டமுள்ள கூடையில் வைத்து, பதற்றப்படுத்தாமல் உடனே கொண்டுசெல்லுங்கள்.

இழுப்பைத் தூண்டுபவை பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்தி, சிகரெட், வாசலில் கொளுத்தும் குப்பை ஆகியவற்றின் புகை யாவும் தரையோரம் படுத்திருக்கும் பூனையின் மூச்சில் கலக்கின்றன. கொசுவத்திக்குப் பதில் கொசுவலை கட்டலாம். சாம்பிராணி போடும் வேளையில் பூனையை வெளியே விட்டு, சன்னல்களைத் திறந்து வைக்கலாம். 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நாட்டைச் சூழ்ந்த புகைமூட்டத்தை நாம் மறந்திருக்கமாட்டோம். அத்தகைய நாட்களில் பூனையையும் வீட்டுக்குள் வைத்திருப்பது நல்லது. இவற்றையெல்லாம் கடைப்பிடித்தால், வீட்டில் இழுப்புள்ள பிள்ளைக்கும் பெரியவருக்கும் நன்மைதான்.

எல்லா இருமலும் ஆஸ்துமாவாகிவிடாது. நத்தை, பல்லி, எலி ஆகியவற்றைத் தின்னும் பூனைக்கு நுரையீரல் புழு வரலாம். கொசுக் கடியால் இதயப் புழு வரலாம். தும்மலும் கண்ணில் பீளையும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் சளிக் காய்ச்சலாகும். இது மற்றப் பூனைகளுக்குத் தொற்றக்கூடியது. எந்த நோய் என்று பார்த்துச் சொல்லவேண்டியவர் மருத்துவரே.

ஆஸ்துமா அடியோடு தீருவது அரிது. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். வீக்கத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. நாம் 'பம்ப்' என்று சொல்லும் மூச்சு மருந்தையும் சிறு முகமூடி பொருத்திப் பூனைக்குக் கொடுக்கிறார்கள். இருமல் நின்றுவிட்டதென்று மருந்தை நாமே திடீரென நிறுத்தக்கூடாது.

முக்கியமான ஓர் எச்சரிக்கை: மனிதர்களுக்கான மருந்தை நாமாகவே பூனைக்குக் கொடுக்கவே கூடாது. பனடோல் மாத்திரையிலுள்ள பாராசித்தமோலை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதிய அளவில் இல்லை. ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறித்துவிடலாம். நெஞ்சில் தைலம் தடவுவதும் ஆபத்து. பூனை உடலை நக்கும்போது தைலம் வயிற்றுக்குள் போய்விடும்.

வாயில்லாப் பிராணி தன் நோவை எடுத்துச் சொல்லாது. இன்றிரவு அது தூங்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் அதன் மூச்சை எண்ணுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடமே இந்த வேலையைக் கொடுக்கலாம். ஆர்வத்தோடு செய்வார்கள்.