நல்லெண்ணெய்க்கு இப்படியும் ஒரு வேலை!

நல்லெண்ணெய் பூச்சிமருந்து அல்ல. ஆனால் பைரெத்ரம் என்ற பூச்சிமருந்தோடு அதைச் சேர்த்தால் மருந்தின் வேகம் எகிறிவிடுகிறது, தெரியுமா? பைரெத்ரம் என்பது கென்யாவில் விளையும், நம் சாமந்திக்கு உறவான ஒரு வெள்ளைப் பூவிலிருந்து எடுப்பது. அதோடு எள் எண்ணெயைச் சேர்க்கும் வித்தைக்கு 1940லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள்! எண்ணெயில் அந்த வேலையைச் செய்வது செசமின் என்று இரண்டே ஆண்டில் கண்டுபிடித்தார்கள். அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள செசமோலினும் அதே எள்ளுக்குள் இருப்பது பிறகு தெரிந்தது.

சித்த வைத்தியர் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பார் அல்லவா? அனுபானம் என்பார்களே, அதுபோல இது பூச்சிமருந்துக்கு ஓர் அனுபானம்!

இது எதற்குத் தேவைப்படுகிறது? “எவ்வளவு அடிச்சாலும் புழு மருந்துக்குக் கேக்கல” என்று விவசாயி புலம்புகிறாரே, அதற்குப் பல நேரங்களில் காரணம் புழுவின் உடலுக்குள் இருக்கிறது. பி450 என்ற நொதிக் கூட்டம் நஞ்சு உள்ளே வந்ததும் அதை உடைத்து வெளியே தள்ளிவிடுகிறது. முட்டைக்கோசைச் சல்லடையாக்கும் வைரமுதுகுப் பூச்சி, 1950களின் தொடக்கத்திலேயே இந்தோனேசியாவின் ஜாவா தீவில் டிடிடிக்கு அசராமல் நின்றது. பருத்தி, துவரை, தக்காளி எல்லாவற்றையும் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவின் சாமர்த்தியம் அதையும் மிஞ்சியது. தன்னிடம் இருந்த இரண்டு மரபணுக்களின் துண்டுகள் ஒட்டிக்கொண்டதில் அதற்குப் புதிதாக ஒரு நொதியே கிடைத்துவிட்டது! அந்த நொதி ஃபென்வலரேட் மருந்தை உடைக்கிறது. அது இருக்கும் புழுவுக்கு 42 மடங்கு எதிர்ப்பு இருந்ததை 2012இல் கண்டறிந்தார்கள்.

இங்கேதான் செசமின் வருகிறது. அதன் மூலக்கூறில் இரண்டு பென்சீன் வளையங்கள், ஒவ்வொன்றின் தோளிலும் இரண்டு ஆக்சிஜன்களை இணைத்து ஒரு குட்டி வளையம். பி450 நொதி இதையும் நஞ்சென்று நினைத்து உடைக்கப் போகிறது. உடைபட்ட துண்டோ நொதியின் நடுவில் இருக்கும் இரும்பணுவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடுவதே இல்லை. நொதி முடங்குகிறது, மருந்து தங்கிவிடுகிறது, புழு விழுகிறது!

அந்தக் குட்டி வளையம் வேறு எதிலெல்லாம் இருக்கிறது தெரியுமா? மிளகின் காரமான பைப்பரினில் இருக்கிறது. சாதிக்காயின் மிரிஸ்டிசினில் இருக்கிறது. சதகுப்பையின் டில்லப்பியோலில் இருக்கிறது. நம் அஞ்சறைப் பெட்டியும் நாட்டு மருந்துக்கடையும் இதே வித்தையைப் பொட்டலம் பொட்டலமாக வைத்திருக்கின்றன! பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில் மனிதர்களுக்கு மஞ்சளில் இருக்கும் கர்க்குமின் 2 கிராமோடு வெறும் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தார்கள். உடலுக்குக் கிடைத்த கர்க்குமின் 2000 சதவீதம் கூடியது. மஞ்சள்பாலில் மிளகு தட்டிப் போடும் பாட்டிமாரை நினைத்துக்கொண்டேன்.

இந்த வித்தையை முதலில் கண்டுபிடித்தது மனிதர்கள் அல்ல, செடிகள்தாம்! வெள்ளைக் கேரட் போலிருக்கும் பார்ஸ்னிப் கிழங்குச் செடி ஒரு நஞ்சையும், கூடவே மிரிஸ்டிசினையும் தயாரிக்கிறது. மிரிஸ்டிசின் சேர்ந்தால் அந்த நஞ்சு மக்காச்சோளக் கதிர்ப்புழுவை இன்னும் கடுமையாகத் தாக்குகிறது என்று 1985இல் நிரூபித்தார்கள்.

சாசஃப்ராஸ் போன்ற மரங்களின் எண்ணெயில் கிடைக்கும் சாஃப்ரோலை மூலமாக வைத்து 1947இல் உருவானதுதான் பைப்பரோனில் பியூட்டாக்சைடு. இன்றும் உலகெங்கும் பூச்சிமருந்துகளில் இதைச் சேர்க்கிறார்கள். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தினர் ஒரு படி மேலே போனார்கள். நொதி முடங்கச் சில மணி நேரம் ஆகும் என்பதைக் கவனித்து, மருந்தை நுண்ணுறைக்குள் வைத்துத் தாமதமாக வெளிவரும்படி செய்தார்கள். துணைச்சரக்கான பியூட்டாக்சைடு முந்திப்போய் நொதியைப் பூட்டுகிறது, மருந்து பின்னால் வருகிறது. எதிர்ப்புப் பெற்ற பூச்சிகளும் விழுந்தன. எனக்கு இதில் ஆகப் பிடித்த அத்தியாயம் இதுதான்.

ஆனால் எல்லா மருந்துக்கும் இது ஒத்துவராது. மாலத்தியான் போன்றவற்றைக் கொல்லும் நஞ்சாக மாற்றுவதே இந்த பி450 நொதிதான். அதை முடக்கினால் மருந்தின் வேகம் குறைந்துபோகலாம்! இன்னொன்று நெஞ்சைத் தைக்கிறது. தேனீக்குள்ளும் இதே நொதிகள் காவலிருக்கின்றன. பைப்பரோனில் பியூட்டாக்சைடு சேர்ந்தபோது தையாகுளோப்ரிட் மருந்து தேனீக்கு 154 மடங்கு நஞ்சானதாக 2004இல் வெளியான ஆய்வு சொன்னது.

ஆகவே விவசாய நண்பர்களே, யாரோ சொன்னார்கள் என்று இரண்டு சரக்கை ஒரே டேங்கில் கலந்துவிடாதீர்கள். எது எதோடு சேரும் என்று வேளாண் அலுவலரிடம் கேட்டபின் கலக்குங்கள். வயல் பூத்து, தேனீ வந்து போகும் நேரத்தில் மருந்தே அடிக்காதீர்கள்.